அக்கா விட்ட பந்து

மலேசியாவில் நாங்கள் அரையிறுதியில் தோற்றதற்கு எங்கள் வீட்டில் இன்றுவரை ஒரே காரணம்தான் சொல்லப்படுகிறது. அக்கா பந்தை விட்டுவிட்டாள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் புதிதாக யாராவது உட்கார்ந்தால், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் பெரியப்பா இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுவார். பாயசம் வரும்போது எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்கா என்பது பெரியப்பாவின் மகள். என்னைவிடப் பத்து மாதம் மூத்தவள். செவிலிமேட்டில் கீழ்வீட்டில் அவர்கள், மாடியில் நாங்கள். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே கால்பந்து டீம். அவள் கோலுக்கு முன்னால் நின்று தடுப்பவள், நான் கோல்கீப்பர். நான் கீப்பரானதற்குத் திறமை காரணமில்லை. ஓடினால் எனக்கு மூச்சு வாங்கும். கையுறை மாட்டியவளுக்கு ஓட்டம் குறைவு என்று ஆறாம் வகுப்பிலேயே கண்டுபிடித்திருந்தேன். பிறகு பந்தைப் பிடிப்பது உண்மையாகவே பிடித்துப்போனது.

பாலாற்றுப் பக்கம் இருந்த ஒரு பொட்டலில்தான் பயிற்சி. அங்கிருந்து பதினான்கு பெண்களை எங்கள் பி.டி. மிஸ் எப்படியோ மலேசியா வரைக்கும் ஒரு போட்டிக்குக் கூட்டிப்போனார். பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்கப் போலீஸ்காரர் வந்தபோது பெரியம்மா பயந்துபோய், "பொண்ணு எந்த வம்புக்கும் போவாது சார், பந்து மட்டுந்தான் ஆடுவா" என்று சொன்னார். அவரும் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார் என்றுதான் நாங்கள் நம்பினோம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

எங்கள் பொட்டலில் பந்து விழுந்தால் புழுதி கிளம்பும். எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே மைதானம் முழுக்கப் புல். முதல் நாள் பதினான்கு பேரும் வேண்டுமென்றே விழுந்து பார்த்தோம். வலிக்கவில்லை. அதிலேயே பாதி தைரியம் வந்துவிட்டது. இரண்டு ஆட்டங்களில் ஜெயித்தோம், ஒன்றைச் சமன் செய்தோம். அந்த ஊர்த் தமிழ்க் குடும்பத்து ஆன்ட்டி ஒருவர் தினமும் சோறும் குழம்பும் கட்டிக்கொண்டு வந்து, நாங்கள் ஆடுவதைப் போனில் படம் பிடித்தார்.

அரையிறுதி நாளன்று மழை. இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் கடைசிக்கு வந்துவிட்டது. அப்போது அக்காவின் தலைக்கு மேலே ஒரு நீளமான பந்து வந்தது.

இப்படி வரும் பந்துக்கு எங்களிடம் ஒரு விதி இருந்தது. கீப்பர் வெளியே வந்தால் "என்னுது" என்று கத்த வேண்டும். கத்தினால் மற்றவர்கள் விலகிக்கொள்ள வேண்டும். கத்தாவிட்டால் தடுப்பவள் பந்தை அடித்து வெளியே தள்ள வேண்டும். பொட்டலில் எத்தனையோ முறை இதைச் செய்து பார்த்திருக்கிறோம். என் குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று மிஸ் கிண்டல் செய்வார்.

நான் வெளியே ஓடிவந்தேன். உதைக்கக் காலை ஓங்கிய அக்கா, நான் வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அதே நேரம் எதிரணியின் உயரமான பெண் ஒருத்தி நேராக என்னை நோக்கி வருவதைப் பார்த்தேன். நின்றுவிட்டேன். வாயைத் திறக்கவே இல்லை. பந்து எங்கள் இருவருக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு போனது. அந்தப் பெண் அதை லேசாகத் தட்டிவிட்டாள். கோல்.

அக்கா உடனே கையைத் தூக்கினாள். தப்பு என்னுடையது என்று ஆட்டக்காரர்கள் காட்டும் கை. மிஸ் பார்த்தார், எல்லோரும் பார்த்தார்கள். பிறகு என்னிடம் வந்து, "என் மேலதான் தப்பு. விடு, அடுத்ததப் பாரு" என்றாள். நான் தலையாட்டினேன், அவளை மன்னித்துவிட்டவள்போல.

அதற்கப்புறம் இரண்டு பந்துகள் வந்தன. ஒன்றை விழுந்து பிடித்தேன். இன்னொன்றை விரல் நுனியால் வெளியே தட்டிவிட்டேன். ஆனால் எங்களால் கோல் போட முடியவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம்.

திரும்பும் நாளில் விமானம் தாமதம். அழுது முடித்துச் சும்மா உட்கார்ந்திருந்த எங்களுக்கு மிஸ் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார். "நீ எப்படி ஆடுனன்னு நீயே எழுதணும். நல்லா பண்ணது ஒண்ணு, தப்பா பண்ணது ஒண்ணு. அடுத்தவங்களப் பத்தி ஒரு வரி வரக்கூடாது" என்றார்.

பரீட்சை எழுதுவதுபோல விமான நிலையத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினோம். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண்தான் எங்களுக்கு அதிகக் கோல் போட்டவள். தான் நல்லா பண்ணதை எழுதவே அவளுக்கு மூன்று தாள் தேவைப்பட்டது. ஒரே ஒரு ஆட்டத்தில் நான்கு நிமிடம் மட்டும் இறங்கிய இன்னொருத்தி, "மிஸ், நான் எந்தத் தப்பும் பண்றதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிட்சு, என்னா எழுதறது?" என்று கேட்டாள். வேறொருத்தி, தன் தப்பு காலையில் நெத்திலி அதிகம் சாப்பிட்டது என்று எழுதினாள்.

நான் நெடுநேரம் யோசித்து, "கடைசி நேரத்தில் கீப்பருக்கும் தடுப்பாட்டத்துக்கும் இடையே தகவல் பரிமாற்றம் போதிய அளவில் நடைபெறவில்லை" என்று எழுதினேன். அந்த வயதிலேயே எனக்கு அரசாங்க அறிக்கை எழுத வந்திருக்கிறது. அக்கா நாலு வரிதான் எழுதினாள். அரையிறுதியில் தயங்கிப் பந்தை அடிக்காமல் விட்டது தன் தப்பு என்பது கடைசி வரி. எழுதி முடித்தவுடன் தாளைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

காஞ்சிபுரத்தில் எங்களுக்குச் சால்வை போட்டார்கள். வீட்டில் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "எப்படித் தோத்தீங்க?" அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நான் பந்த வுட்டுட்டேன்பா" என்றாள். கதை அன்றே முடிவாகிவிட்டது. அப்பா ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனி ஒன்றுக்குப் பஸ் ஓட்டுகிறவர். ஷிப்டுக்குப் போகிறவர்களிடமெல்லாம் நான் கடைசியாகத் தடுத்த அந்த இரண்டு பந்துகளைப் பற்றித்தான் பேசினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, நான் எப்படி விழுந்தேன் என்று காட்டினார் என்று அம்மாவிடம் யாரோ புகாரே சொன்னார்கள்.

ஒரு வாரம் கழித்து அந்த மலேசிய ஆன்ட்டி வீடியோக்களை அனுப்பிவைத்தார். பெரியப்பா தன் போனை டிவியோடு இணைத்து எல்லோரையும் கீழே கூப்பிட்டார். வயிறு வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டார். மழை, புல், அக்காவின் தலைக்கு மேலே வரும் பந்து. நான் வெளியே ஓடிவருகிறேன். சரியாக அந்த இடத்தில் யாரோ குடையோடு குறுக்கே போனார்கள். "ஐயோ, பிள்ளைங்க நனையுதே" என்ற ஆன்ட்டியின் குரலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. குடை விலகியபோது பந்து வலைக்குள் கிடந்தது. அக்காவின் கை மேலே இருந்தது.

"பாரு, அவளே கையத் தூக்கி ஒத்துக்கினா" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். என் வயிற்றுவலி நின்றுவிட்டது. அது நின்றதுதான் எனக்கு என்னவோபோல இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பயிற்சிக்கு சைக்கிளில் போகும்போது அவளிடம் சொன்னேன்.

"க்கா, அன்னிக்கு நான் கத்தவே இல்ல."

"தெரியும்" என்றாள்.

"தெரியும்னா ஏன் கையத் தூக்கின?"

"உன் மூஞ்சி அழுவுற மாதிரி இருந்துச்சு. இன்னும் ஏழு நிமிஷம் பாக்கி இருக்குது. அழுதுக்கினே எப்படிப் பந்து புடிப்ப?"

இவ்வளவு சாதாரணமான பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. "அப்ப மிஸ் குடுத்த பேப்பர்ல?"

"கையத் தூக்கியாச்சு. அதுல வேற மாதிரி எழுதினா நல்லா இருக்குமா?"

"மிஸ்கிட்ட நான் சொல்லட்டா?" என்று கேட்டேன்.

"உன் இஷ்டம்" என்றாள் அக்கா. பெடலை வேகமாக மிதித்து முன்னால் போய்விட்டாள்.

எனக்குப் பெரிய நிம்மதி. உன் இஷ்டம் என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லியாகிவிட்டது, அவளும் கோபப்படவில்லை, இனி இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து மாவட்ட அளவில் ஒரு ஆட்டம். முதல் நாள் மழை பெய்து மைதானம் சொதசொதவென்று இருந்தது. மிஸ் பெயர்களைப் படித்தார். அக்காவின் இடத்தில் வேறொருத்தியின் பெயர் வந்தது. "ஈர கிரவுண்டுல அவ தயங்குறாம்மா. ஏர்போர்ட்ல குடுத்த பேப்பர்ல அவளே எழுதியிருக்கா. இன்னிக்கு வெளிய இருக்கட்டும்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்று கையுறையின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே இறுக்கியிருந்த பட்டையை மறுபடி பிரித்து இறுக்கினேன். தண்ணீர் கேன் பக்கத்தில் உட்காரப்போன அக்கா ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம். முதலில் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டது அக்காதான். "பாத்தியா, ஜெயிச்சிட்டோம்" என்றேன், அதோடு எல்லாம் சரியாகிவிட்டதுபோல. "ஆமா" என்றாள்.

அடுத்த ஜூனில் ஜெர்சியைத் துவைத்து மடித்து மிஸ்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். போர் அடிக்குது என்றாள். நான் அதை நம்பினேன். சாயங்காலங்களில் கூட வர ஆளில்லையே என்று அவள்மேல் எனக்கு வருத்தம்கூட இருந்தது. அவள் கையைத் தூக்கியது அந்த ஆட்டம் முடியும்வரைக்கும்தான் என்பதோ, அதற்கப்புறம் அந்தக் கையை இறக்கிவிட வேண்டியவள் நான்தான் என்பதோ எனக்கு அப்போது தெரியவில்லை.