கௌரி நடத்திய விளையாட்டு

பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் இறங்கியதும் முதலில் மூக்கில் ஏறுவது ஈரமண் மணம். பிறகு தலைக்கு மேலே அடுக்கிய பனங்குற்றிகளின் மணம். அதற்குப் பிறகுதான் பக்கத்தில் இருப்பவர்களின் வியர்வை...

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் பகல்களில் பாதி அதற்குள்தான் போனது.

சண்டைக்குப் பயந்து குருநகரில் கடற்கரையோரம் இருந்த வீட்டை விட்டுவிட்டு, சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டக்காரர் வீட்டில் ஒற்றை அறையில் இருந்தோம். அம்மா, அன்ரன் அண்ணை, நான். எனக்கு இருபது வயது. வீட்டுக்காரரின் மகள் கௌரிக்கும் அதே வயதுதான். அவளுக்குத் தாய் இல்லை. தகப்பனுக்குக் காது மந்தம், பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும்.

குண்டு போட பொம்பர் விமானம் வரும் சத்தம் அவருக்குக் கேட்காது. ஒவ்வொரு தடவையும் கௌரிதான் தோட்டத்துக்கு ஓடிப்போய் அவரைக் கையில் பிடித்து இழுத்து வருவாள்.

சண்டையில் கொழும்புப் பாதை பூட்டுவதற்கு முந்தி லண்டனிலிருந்து அவளுடைய மாமா அனுப்பிய பழைய பாடப்புத்தகங்களோடு, ஒரு விளையாட்டின் விதிகள் எழுதிய மெல்லிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றும் தவறி வந்திருந்தது. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்களாக இருந்து விளையாட வேண்டும். இருபது பக்கமுள்ள தாயக்கட்டை வேண்டுமாம். அதற்கு எங்கே போவது? கௌரி இருபது கடதாசித் துண்டுகளில் இலக்கம் எழுதிப் பால்மா ரின் டப்பாவுக்குள் போட்டாள். அன்றிலிருந்து கதை நடத்துவது அவள். நான் ஒரு கப்பல்காரி. அண்ணை கள்ளன்.

ஒருநாள் அரசனின் கோட்டை வாசலில் எங்களைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அண்ணை உள்ளே போகமாட்டேன், வாசலில் இருந்து மீன் விற்கப்போகிறேன் என்றார். அவளைக் குழப்பத்தான் அப்படிச் சொன்னார். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அந்த இடத்திலேயே ஒரு சந்தையை உண்டாக்கினாள். மீன் வாங்க வந்த காவல்காரனின் பெண்சாதி அண்ணையிடம் பேரம் பேசினாள்.

"ஏலாது எண்டு இதிலை ஒண்டும் இல்லை, அண்ணை. என்னவும் செய்யலாம். பிறகு வாறதைத் தாங்கோணும்."

வெளியே எங்களுக்கு எல்லாமே ஏலாதுதான். கொழும்புக்குப் போவதென்றால் இயக்கத்திடம் அனுமதிப் பாஸ் எடுக்கவேண்டும். கடைக்குப் போவதென்றாலும் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும்.

இன்னொரு நாள், வெயில் ஏறிய பத்து மணி. காலையிலேயே ஹெலிகொப்டர் ஒன்று சுற்றியதால், பயத்தில் நேரத்தோடு பங்கருக்குள் இறங்கி விளையாடிக்கொண்டிருந்தோம். தகப்பன் வெங்காயம் கொண்டு சந்தைக்குப் போயிருந்தார் என்று கௌரி நிம்மதியாக இருந்தாள். எங்களை ஒரு காட்டு ஓரத்தில் நிறுத்தி, என்ன செய்யப்போறியள் என்று கேட்டாள்.

அப்போது தூரத்தில் அந்த இரைச்சல் தொடங்கியது.

அம்மா அவசரமாகப் படியிறங்கி வந்தார். வரும்போதே, கௌரியின் ஐயா சந்தையால் திரும்பி வந்துவிட்டார், இப்போதுதான் தோட்டத்துப் பக்கம் போனார் என்றார்.

கௌரி எழுந்தாள். நான் அவளுடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன்.

"ஐயாவுக்குக் கேக்காது, றீற்றா."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் கை என் கைக்குள் இருந்தது... பிறகு இல்லை.

இரண்டு குண்டுகள். முதலாவது விழுந்தபோது குற்றிகளுக்கு இடையால் மண் கொட்டி வாயெல்லாம் நிரம்பியது. இரண்டாவது அதைவிடக் கிட்ட. அம்மா செபமாலையைச் சொல்லத் தொடங்கி, பாதியில் வசனம் மறந்து முதலிலிருந்து தொடங்கினார். எனக்குக் கால் இரண்டும் இருக்கிறதா என்று தெரியவில்லை. தொட்டுப் பார்த்தேன்.

சத்தம் போனதும் அண்ணைதான் ஓடினார். வெங்காயப் பாத்திக்குப் பக்கத்து வாய்க்காலுக்குள் தகப்பனைத் தள்ளி, அவருக்கு மேலே விழுந்து கிடந்தாளாம். அவருக்கு ஒரு கீறலும் இல்லை. அவளுடைய இடது தொடையில் குண்டுச்சிதறல்.

மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒருநாள் நானும் அண்ணையும் போனபோது, விட்ட இடத்திலிருந்து அவளே தொடங்கினாள். நீங்கள் காட்டு ஓரத்தில் நிற்கிறீர்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்று.

காட்டுக்குள் போனாலும் பயம், திரும்பினாலும் பயம். நான் ஒன்றும் செய்யவில்லை, இங்கேயே நிற்கிறேன் என்றேன்.

"சரி, நில்," என்றாள் கௌரி. அதற்கும் அவளிடம் இடமிருந்தது.

இப்போது என் மகள் கம்பியூட்டரில் அதே மாதிரி விளையாடுகிறாள். எவ்வளவு அழகான மலைகள், மழை, குதிரைகள்... ஒருநாள் என்னையும் விளையாட வைத்தாள். மலைக்கு அப்பால் போகப் பார்த்தேன். திரையில் என் ஆள் நின்ற இடத்திலேயே கால் வீசி நடந்தது.

"அங்காலை போகேலாது அம்மா. மேப் அவ்வளவுதான்."

வழியில் ஒரு கிழவன் அழுதுகொண்டு நின்றான். அவனுக்குச் சொல்ல மூன்று பதில்கள் திரையில் வந்தன. நான் கேட்க நினைத்தது அதில் இல்லை. மகள் ஒன்றைத் தெரிவுசெய்தாள், கிழவன் செத்துப்போனான். சேவ் பண்ணிய இடத்துக்குத் திரும்பிப்போய் இன்னொன்றைத் தெரிவுசெய்தாள், உயிரோடு இருந்தான். அவளுக்குக் கொஞ்சமும் பதற்றமில்லை. எனக்குத்தான் உள்ளங்கை வியர்த்தது.

அந்தக் கிழமையே கௌரிக்குப் போன் எடுத்தேன். அவள் இன்னமும் சுன்னாகத்தில்தான் இருக்கிறாள், ஊன்றுகோலோடு நடக்கிறாள். முப்பது வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"அண்டைக்கு நானே உன்ரை கையை விட்டனான், இல்லாட்டி நீயே இழுத்தனீ?"

"நீ என்னோடை வந்தனீயெல்லே," என்றாள். "கிணத்தடி மட்டும் வந்தனீ. நான்தான் திரும்பிப் போ எண்டு கத்தினனான்."

எனக்கு அப்படி ஒன்று நினைவில்லை. மண் நிரம்பிய வாயும், அம்மாவின் செபமும்தான் நினைவு.

நடந்ததைத்தான் சொன்னாளா, எனக்காக அந்த இடத்திலேயே ஒரு வழியை உண்டாக்கினாளா... இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கேட்கப் பயமாக இருந்தது. வெங்காயம் இந்தமுறை என்ன விலை போகிறது என்று கேட்டேன்.