இரண்டு பிரிவும் ஒரே மேடையில்

2022 டிசம்பர் 18, ஞாயிறு, மாலை ஆறே முக்கால் மணி. கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் சபை ஆலயம். வெளியே விடாத தூறல். பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் நாடகம் பார்க்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்பது. ஊர்ப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். ஆங்கிலக் கல்வியில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஆறு வருடம். கால நீட்டிப்பு இரண்டு முறை வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது. அடுத்த மே மாதம் பணி ஓய்வு.

ஆய்வு எளிமையானதுதான். ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவுக்கு நானே எழுதிய இருபத்துநான்கு உரையாடல்களைப் பேசவைத்துக் கற்பிக்க வேண்டும். பி பிரிவுக்கு வழக்கம்போல் பாடப்புத்தகம் மட்டும். ஆறு மாதம் கழித்து இரண்டுக்கும் ஒரே தேர்வு. மதிப்பெண்ணில் வித்தியாசம் வந்தால் பட்டம். தேர்வு செவ்வாய்க்கிழமை என்று வைத்திருந்தேன். உரையாடல்களை வெளியே சொல்லக்கூடாது என்று ஏ பிரிவிடம் எத்தனையோ தடவை கண்டித்துச் சொல்லியிருந்தேன்.

திரை விலகியது. மேய்ப்பன் வேடத்தில் ஒரு சிறுமி வந்து, "எக்ஸ்க்யூஸ் மீ சார், விச் வே டு பெத்லகேம்?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் ஒன்பதாவது உரையாடல். பஸ் ஸ்டாண்டுக்குப் பதில் பெத்லகேம். கேட்டவள் பி பிரிவு. அடுத்து யோசேப்பு சத்திரக்காரனிடம் அறை கேட்டான். பதினான்காவது, அவனும் பி பிரிவு. தடுமாற்றமே இல்லை. சபை முழுவதும் கை தட்டியது.

ஞாயிறு பள்ளி ஆசிரியையான என் மனைவிதான் நாடகத்தைப் பழக்கியவள். நான் ஆய்வு வேலையாக ஞாயிறு மாலைகளில் அறையைப் பூட்டிக்கொண்டு இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. நாடகம் முடிந்ததும் அவள் என்னிடம் வந்தாள்.

"எதுக்கு இப்படி மூஞ்சிய வச்சிருக்கிய? ஏ பிரிவுப் பிள்ளைகதான் ரெண்டு மாசமா இதுகளுக்குச் சொல்லிக் குடுத்துது. நல்லா இருக்குல்லா?"

"உனக்குத் தெரியாதா, ரெண்டு பிரிவும் கலக்கக் கூடாதுன்னு?"

"அது பள்ளிக்கூடத்துல. கோயில்ல என்ன ஏ, என்ன பி?"

மேய்ப்பன் சிறுமி ஓடி வந்தாள். "சாரே, நான் நல்லா பேசினேனா?" நான் குடையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை தேர்வு நடந்தது. ஏ பிரிவின் சராசரி முப்பத்தொன்று, பி பிரிவு முப்பது. நாகர்கோவிலில் என் நெறியாளர் நடந்ததைக் கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். "ரெண்டு பிரிவும் கலந்துட்டு சாரே. அடுத்த வருஷம் வேற பிள்ளைகள வச்சு முதல்ல இருந்து செய்யணும்." அடுத்த வருடம் எனக்கு வகுப்பு ஏது? பதிவு ரத்தானது.

வினாக்கள், நிமிடங்கள், அரை மதிப்பெண் என்று எல்லாவற்றையும் எண்ணினேன். அந்தப் பிள்ளைகள் ஒரே தெருவில், ஒரே குடைக்குள் வீட்டுக்குப் போவதைக் கணக்கில் எடுக்கவில்லை.

இப்போதும் பேருந்தில் பார்த்தால் மேய்ப்பனாக நடித்த அந்தப் பெண் ஆங்கிலத்தில்தான் நலம் விசாரிக்கிறாள். வாக்கியங்கள் எல்லாம் என்னுடையவை. நான் தமிழில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அவள் அன்று கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. என் பெயருக்கு முன்னால் வராமலே போன அந்த நான்கு எழுத்துக்கு, கட்டணம், புத்தகம், தட்டச்சு, பேருந்து எல்லாம் சேர்த்து நான் செலவழித்தது ஒரு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.