ஏழு பேருக்கு அண்ணன்

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று முத்திரை குத்திக் கொடுத்த தாள் இன்னும் பெட்டியில் இருக்கிறது. அந்தப் படிப்பால் வீட்டுக்கு என்ன பிரயோசனம் என்று அப்பா இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் குழுவுக்குப் பிரயோசனம் இருந்தது: படிவம் நிரப்ப ஓர் ஆள் கிடைத்தான்.

குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ராஜபாளையத்தில் ஒரு தையல்கடை மாடியில் ஞாயிறுதோறும் கூடுகிற, ஆண்களை விரும்பும் ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இரண்டு பெண்களும் வருவார்கள். சேர்ந்து குடியிருக்கிறார்கள். “கூடப் பொறந்தவளுக கூட இம்புட்டு ஒத்துமையா இருக்கமாட்டாளுக” என்று அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர் தெருவுக்கே உதாரணம் காட்டுகிறார். அவர் வாழ்க.

எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால் அரசாங்கம் மாத்திரையை இலவசமாகத் தருகிறது. தினமும் போட்டால் எல்லாரையும் போல வாழலாம். எல்லாரையும் போல என்பதில் எங்களுக்குத்தான் பழக்கம் போதாது. மாத்திரை தொடங்கும் முன், அதைத் தருகிற அரசு மருத்துவமனை மையத்தில் வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்குக் கூட்டி வரச் சொல்வார்கள். வராவிட்டால் மாத்திரை கிடையாது என்று எந்தத் தாளிலும் இல்லை. இருந்திருந்தால் எதிர்த்து மனு எழுதியிருப்பேன். ‘அடுத்த வாரம் யாரையாவது கூட்டிட்டு வாங்க’ என்ற வாய்வார்த்தையை எதிர்த்து எப்படி மனு எழுதுவது என்று கல்லூரியில் சொல்லித்தரவில்லை.

எனவே நான் அண்ணன் ஆனேன். வீட்டில் சொல்ல முடியாதவர்களுக்கெல்லாம் கூடப்பிறந்தவன் என்று போய் உட்கார்ந்தேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த வாத்தியார் ஒருவருக்கும் அண்ணனாக இருந்திருக்கிறேன். எந்த ஊர் மையம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஏழாவது தம்பி சேத்தூர்க்காரன், பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்காரன். உடம்பு பாதியாகியிருந்தது. உடனே மாத்திரை தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியும், துணைக்கு ஆள் இல்லாமல் இரண்டு தடவை திரும்பியிருந்தான்.

“இந்தத் தடவையும் திருப்பி அனுப்புனா பொறவு நான் வரமாட்டேன். சாவுறதுக்குமா கூட ஆளு வரணும்?” என்றான் ஞாயிற்றுக்கிழமை. சொன்னால் செய்கிறவன். யாரும் சிரிக்கவில்லை.

அவனோடு ஐந்து வருடமாக ஒரே வீட்டில் இருப்பவன், தளவாய்புரத்தில் நைட்டி மூட்டை ஏற்றும் லோடு ஆட்டோக்காரன். “நான் போறேன் துணைக்கு” என்றான்.

பட்டதாரிக்குரிய பொறுமையோடு கேட்டேன்: “நீங்க யாருன்னு கேட்டா என்ன சொல்லுவீக?”

அவன் வண்டிச் சாவியை ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்கு மாற்றினான்.

“அதான். அண்ணன்னு சொல்லி நான் உள்ள போறேன். நீங்க வண்டியில இருங்க.”

“ஏட்டி, படிச்சவ சொன்னா கேளு” என்றார் தையல்கடைக்காரர் அவனைப் பார்த்து. மாடிக்கு வந்துவிட்டால் எங்களுக்குள் எல்லாரும் ‘அவள்’தான். “அவளுக்கு சர்ட்டிபிகேட்டே இருக்கு.”

மறுநாள் மையத்தில் ஆலோசகர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“போன மாசம் தென்காசிக்காரருக்கு அண்ணனா வந்தது நீங்கதான தம்பி?”

“ஆமா மேடம்.”

“அதுக்கு முன்னால ஒரு வாத்தியாருக்கு?”

“பெரிய குடும்பம் மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். “சரி. ஒங்க தம்பி ராத்திரி எத்தன மணிக்குச் சாப்பிடுவாரு?”

“ஒம்பது மணிக்கு.”

“இந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்டுன்னு சொன்னாரே. குடிப்பாரா?”

“சேச்சே.”

தம்பி தரையைப் பார்த்தான்.

“காய்ச்சல் எப்ப வருது?”

பரீட்சைகளில் நான் தோற்றதே இல்லை. விடை தெரியாத இடத்தில் பக்கம் பக்கமாக எழுதுவேன். இங்கே அதற்கு வழியில்லை.

அவர் பேனாவை மூடினார். “மாத்திரைய விட்டு விட்டுப் போட்டா பொறவு அது வேலை செய்யாது. நெசமாவே கூட இருக்கவங்க வேணும். அடுத்த வாரம்...”

சேத்தூர்க்காரன் எழுந்தான். மருத்துவமனைச் சீட்டை நாலாக மடித்தான். அதை இனி அவன் விரிக்கப்போவதில்லை என்று தெரிந்தது. நான் வெளியே ஓடினேன்.

“வாங்க” என்றேன் லோடு ஆட்டோக்காரனிடம்.

“யாருன்னு கேட்டா?”

“தெரியாது. வாங்க.” பட்டதாரியின் திட்டம் அம்புட்டுத்தான்.

உள்ளே அவன் உட்காரவில்லை. “கூட இருக்கேன்” என்றான், கேட்பதற்கு முன்பே. “காய்ச்சல் சாயங்காலமானா வருது மேடம். வேர்த்துக் கொட்டி ரெண்டு பனியன் மாத்துதேன். குடிக்கமாட்டேன்னு சொல்லுவான், சனிக்கெழமை குடிப்பான். வெறும் வயித்துல எதக் குடுத்தாலும் வாந்தி. ரெண்டு இட்லி உள்ள போகணும். தேங்காச் சட்டினி ஆவாது.”

“ஏலே, எல்லாத்தையுமா சொல்லுவ?” என்றான் தம்பி.

“அவிய கேக்காகள்ல!”

அந்த அம்மா எழுதிக்கொண்டே போனார். உறவு என்ற கட்டத்தில் என்ன எழுதச் சொல்லலாம் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு லோடு ஆட்டோக்காரனின் போன் நம்பரை எழுதினார். ஒரு மாதத்து மாத்திரை டப்பா மேசைக்கு வந்தது. தம்பி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

“நீங்க டெஸ்ட் எடுத்தாச்சா?” என்றார் அந்த அம்மா லோடு ஆட்டோக்காரனிடம்.

இட்லி வரை ஒப்பித்தவன் கதவுப் பக்கம் ஓர் அடி நகர்ந்தான். “எனக்கு எதுக்கு மேடம்? நான் நல்லாத்தான இருக்கேன்.”

“அவரும் நல்லாத்தான் இருந்தாரு. எதுத்த ரூம்தான்.”

குழுவில் விழிப்புணர்வுக் கூட்டம் எத்தனையோ நடத்தியிருக்கிறேன். இவனிடம் இதை ஒரு நாளும் கேட்டதில்லை.

“வா” என்றான் சேத்தூர்க்காரன்.

“நீ ஒக்காருலே. நிக்கவே ஏலல, இவன் தொணைக்கு வாரானாம்.”

“செத்த நேரந்தான. நிக்கேன்.”

எதிர் அறையின் வாசலில் நர்ஸ் கேட்டார்: “கூட வந்தது யாரு?”

பழக்க தோஷத்தில் நான் வாயைத் திறந்தேன்.

“நாந்தான்” என்றான் சேத்தூர்க்காரன், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. மாத்திரை டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு அவனோடு உள்ளே போனான்.