லூலி அத்தையின் கடைசி வாளி

பக்கத்து வீட்டு என்ஸியோ மாமாவை ஏமாற்ற முடியாது. முயன்று பார்த்தவள் நான். பள்ளிக்கூடப் பாடங்களைவிட இதற்குத்தான் அதிகம் உழைத்திருக்கிறேன்.

ஒரு ஆகஸ்டு காலையில் பழைய டென்னிஸ் பந்து ஒன்றை மாவில் புரட்டி, அவர் முற்றத்து ஆப்பிள் மரத்தடியில் பாதி தெரிகிற மாதிரி புதைத்தேன். மழைக்கு மறுநாள் உருண்டைக் காளான் அப்படித்தான் தலை காட்டும். வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தேன். அவர் வந்தார். குனிந்தார். கத்தி முனையால் லேசாகச் சுரண்டி, மூக்கருகில் கொண்டுபோனார். பிறகு வேலியைப் பார்த்து, முகம் மாறாமல் சொன்னார்.

"டென்னிஸ் பந்து. முத்திப்போனது. ரெண்டு தடவ வேகவச்சாலும் வேகாது."

அன்று மாலை அந்தப் பந்து எங்கள் தபால் பெட்டிக்குள் கிடந்தது. கழுவி வைத்திருந்தார்.

அவர் இந்த ஊர்க்காரர் இல்லை. போரில் கிழக்கு எல்லையில் அவர் பிறந்த கரேலியா ருஷ்யர்கள் கைக்குப் போனபோது, அம்மாவோடும் ஒரு பசுவோடும் மேற்கே வந்து சேர்ந்த சிறுவன். எங்கள் பக்கத்தில் அப்போது காளான் என்பது மாடு தின்பது. பள்ளியில் பையன்கள் அவரைப் பார்த்து 'ம்மா' என்று கத்துவார்களாம். கத்தியவர்களில் என் அம்மாவின் அண்ணனும் உண்டு. பிறகு ஒட்டுப்பலகை ஆலையில் பசை பூசும் வேலை. அந்தப் பசை நெடியில் பாதிப் பேருக்கு மூக்கு செத்துப்போனது. அவர் மூக்கு மட்டும் தப்பியது.

ஆலை உணவகத்தில் வேலை பார்த்த லூலி அத்தையைக் கட்டிக்கொண்டார். அவள் இந்த ஊர்ப்பெண். பிறந்ததிலிருந்து காளானை வாயில் வைத்தவள் இல்லை. அவர் தட்டிலிருந்து முதல் துண்டை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தின்றாளாம். "அப்புறம் என் தட்டையே காலி பண்ணிட்டா" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரித்துப் பார்த்திருக்கிறேன்.

வீடு கட்டியதும் பின்பக்கம் பிர்ச் மரக்கன்றுகளை நட்டார். மரங்கள் வளர்ந்ததும் அவற்றின் அடியில் தானாகவே புல்க்கோ முளைத்தது. பழுப்பு நிறக் காளான், விளிம்பு உள்ளே சுருண்டிருக்கும், விரலால் அழுத்தினால் அந்த இடம் கறுத்துவிடும். அவருடைய அம்மா ஊரில் தின்றது. நன்றாக வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பில் அடுக்கி வைப்பார்கள். இலையுதிர் காலந்தோறும் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சட்டியிலிருந்து தின்றார்கள்.

காலம் போகப் போக ஊருக்கும் காளான் ருசி பிடித்தது. 'ம்மா' என்று கத்தியவர்களே தங்கள் முற்றத்தில் முளைத்ததைக் கூடையில் போட்டுக்கொண்டு அவர் வாசலில் நின்றார்கள். அவர் ஒவ்வொன்றையும் புரட்டுவார், முகர்வார், பெயர் சொல்வார். "இது தின்னலாம். இது தின்னலாம். இத தின்னா உன் பொண்டாட்டிக்கு வேற மாப்பிள்ள பாக்கணும்." அவர் சொன்னது ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அவருக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான்.

லூலி அத்தை செத்தது போன வருஷத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றுவலி. அடுத்து கண் மஞ்சளானது. பிறகு சிறுநீரகம் நின்றது. ரத்தத்தில் ஏதோ கோளாறு, காரணம் தெரியவில்லை என்றது ஆஸ்பத்திரி. மாமாவும் அப்படியே ஏற்றுக்கொண்டார். காரணம் தெரியாமல் சாகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய.

போன செப்டம்பரில் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூட மண்டபத்தில் காளான்களை அடையாளம் காட்டும் கூட்டம் நடந்தது. நகரத்திலிருந்து ஐரா என்றொரு காளான் ஆலோசகர் வந்திருந்தார். மேசையில் பச்சைத்தாள் போட்ட தட்டுகள் தின்னக்கூடியவற்றுக்கு, சிவப்புத்தாள் தட்டுகள் விஷத்துக்கு. இலவசமாகக் காப்பியும் ரொட்டியும் உண்டு என்பதால் நானும் போயிருந்தேன். என்ஸியோ மாமா தன் பிர்ச் மரத்தடியில் பறித்த புல்க்கோவைத் துடைத்து, தானே பச்சைத் தட்டில் அடுக்கினார். ஐரா அம்மாள் அதை எடுத்துச் சிவப்புத் தட்டுக்கு மாற்றினார்.

"அம்மா, அது புல்க்கோ" என்றார் மாமா.

"புல்க்கோதாங்க. நீங்க சொன்னது சரி. முன்னாடி இதையும் நல்லதுன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தோம். இப்ப நல்லதுங்கிற பட்டியல்லேருந்து எடுத்துட்டோம்."

"நாப்பது வருஷமா தின்னுட்டு இருக்கேன்."

"அதுதாங்க சங்கடமே. மொதல் தடவயே கொல்லாது. உடம்பு பல வருஷம் தாங்கும். ஒருநாள் ரத்தம் இத எதிரின்னு நெனச்சு தன்னையே அழிச்சுக்கும். யாருக்கு எப்பன்னு சொல்ல முடியாது. சிலருக்கு வராமலே போயிரும்."

ஆலைக்காரர் ஒருவர் பின்னாலிருந்து, "என்ஸியோ, நீ இரும்பு வயித்துக்காரன்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். மாமா திரும்பவில்லை.

"கண்ணு மஞ்சளாகுமா?" என்று கேட்டார்.

ஐரா அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். "ஆகும். சிறுநீரகமும் நின்னுபோகும்" என்றார்.

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. மாமா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். கூடையை மறந்துவிட்டார். நான்தான் கொண்டுபோய் அவர் வாசலில் வைத்தேன்.

அதற்குப் பிறகு கூடையோடு வந்த எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

"தெரியாது."

மஞ்சள் நிறத்தில் புனல் மாதிரி இருக்கும் சாந்தரெல், மூன்று வயதுக் குழந்தைகூடப் பெயர் சொல்லும். அதற்கும் "தெரியாது." நான் ஒருநாள் வேண்டுமென்றே ஒரு உருளைக்கிழங்கைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"மாமா, இது என்ன காளான்?"

அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தெரியாது மெர்வி" என்றார். கிண்டலுக்குப் பதில் கிண்டல் வராத வீட்டில் ஏதோ சரியில்லை.

அக்டோபரில் உறைபனி விழுந்து முற்றத்துக் காளானெல்லாம் கறுத்துக் கூழாகிவிட்டது. இனி அவர் பறித்துத் தின்னப் புல்க்கோ இல்லை, அப்பாடா என்றிருந்தேன். மாத முடிவில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டு அம்மாவிடம் கேட்டார்.

"கல்லறைத் திருநாளுக்கப்புறம் என் பூனைய வச்சுக்கிறியா?"

"எங்கயாவது போறீங்களா?"

"எங்க போவேன். லூலி உப்புல போட்ட கடைசி வாளி நெலவறைல இருக்கு. அன்னிக்குத் தெறந்து தின்னலாம்னு இருக்கேன். அவளும் நானும் ஒரே சட்டிலதான் தின்னோம். அவள மட்டும் அது ஏன் எடுத்துச்சுன்னு தெரியல."

அவர் போனதும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "அந்த வாளியில இருக்கிறது புல்க்கோம்மா." அம்மா போய்ப் பேசினாள். சீக்கிரமே திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"உப்புக்காளான்தானேங்கிறாரு. அவரு தட்டுல எட்டிப்பாக்க நான் யாருடி?" என்றாள். ஆனால் பூனைக்கென்று ஒரு மரப்பெட்டியில் பழைய கம்பளியை விரித்து வாசலருகே வைத்தாள். அவ்வளவுதான் எங்கள் ஊர். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

கல்லறைத் திருநாளன்று மத்தியானம் அவர் மெழுகுவர்த்தியோடு லூலி அத்தையைப் பார்க்கப் போனார். கதவில் துடைப்பத்தைச் சாய்த்து வைத்திருந்தார். வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். திருடர்களுக்கு இதைவிட உதவியான பழக்கம் உலகத்தில் இருக்காது. எனக்கு வீட்டுக்குள் வேலையில்லை. முற்றத்து மண்மேட்டுக்குள் இருக்கும் நிலவறைக்குப் பூட்டே கிடையாது.

எங்கள் வீட்டு உப்புக்காளானை ஒரு வாளியில் தூக்கிக்கொண்டு போனேன். பைன் காட்டில் கிடைக்கும் செம்பழுப்புக் காரக்காளான். பச்சையாகக் கடித்தால் நாக்கு எரியும், வேகவைத்து உப்பில் போட்டால் அருமையாக இருக்கும். நிறம் ஏறக்குறைய ஒத்துப்போகும், இருட்டில். லூலி அத்தையின் வாளியில் மேலே ஒரு தட்டைக்கல். கல்லுக்கு அடியில் வெள்ளைத் துணி, ஓரத்தில் அவள் பெயரின் முதல் எழுத்து, சிவப்பு நூலில். துணியை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, புல்க்கோவை எருக்குழியில் கொட்டி, மண் போட்டு மூடினேன். என்னுடையதை நிரப்பினேன். துணியை இருந்த மடிப்பிலேயே விரித்து, கல்லை வைத்தேன். எத்தனையோ கள்ளத்தனம் செய்திருக்கிறேன். எல்லாம் இருந்தபடி இருக்கிறதா என்று இரண்டாம் முறை திரும்பிப்போய்ப் பார்த்தது இதில்தான்.

சாயங்காலம் பொறுக்க முடியவில்லை. இரவல் வாங்காத ஒரு சுத்தியலைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனேன்.

மேசையில் இரண்டு தட்டு. வேகவைத்த உருளைக்கிழங்கு. ஒரு கிண்ணத்தில் வெங்காயமும் பாலாடையும் சேர்த்துக் கலந்த காளான். அவர் தட்டு பாதி காலி. பூனை அடுப்போரம் தூங்கியது.

"அது என் சுத்தியல் இல்ல" என்றார்.

"அப்படியா?"

"உக்காரு." ஆள் இல்லாத தட்டை என் பக்கம் தள்ளினார். "தின்னு."

தின்றேன். மென்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரக்காளான்" என்றார். "பைன் காட்டுது. ஆத்தோரம் இல்ல, மேட்டுப்பக்கம். சரியா கழுவல, பைன் ஊசி ரெண்டு கெடக்கு. உப்பு ஜாஸ்தி. உங்கம்மாகிட்ட சொல்லு."

நான் கரண்டியைத் தட்டில் வைத்தேன்.

"அவளோடத எங்க போட்ட?"

"எருக்குழில. மண்ணு போட்டு மூடிட்டேன்."

அவர் தலையாட்டினார். வெளியே போய்த் தோண்டுவாரோ என்று கதவையே பார்த்தேன். போகவில்லை. கழுவின வெள்ளைத்துணி அடுப்புக்கு மேலே கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"நான் தப்பா சொன்னதே கெடையாது மெர்வி" என்றார். "அன்னிக்கும் அது புல்க்கோதான்."

கிண்ணத்திலிருந்து இன்னொரு கரண்டி காளான் போட்டுக்கொண்டேன். உப்பு ஜாஸ்திதான். அவரும் போட்டுக்கொண்டார். கிண்ணம் காலியாகும்வரை இருவரும் தின்றோம், நடுவில் தண்ணீர் குடித்துக் குடித்து.

பூனை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கம்பளி விரித்த பெட்டி குளிர்காலம் முழுக்க எங்கள் வாசலில் கிடந்து இடித்தது. எல்லோரும் அதில் கால் தடுக்கிக்கொண்டோம். அதை அங்கிருந்து எடுக்க யாருக்கும் தைரியமில்லை.