அந்தோணிமேரியின் மனு

பிரச்சார வண்டி தெருமுனை திரும்பியதும் எல்லோரும் வேட்பாளரின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தோணிமேரி மட்டும் அவர் வாயைப் பார்ப்பாள்.

சிதம்பரம் சந்தையில் இறால் விற்கிறவள். இறாலை எடை போடும்போதே வாங்குகிற ஆளையும் எடை போட்டுவிடுவாள். பிச்சாவரம் பக்கம், உப்பங்கழியோரம் நாற்பது வீடு கொண்ட குப்பத்தில் குடியிருப்பு. தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் பாதி நாள் சந்தைக்குப் போகமாட்டாள். கட்சி பேதமே கிடையாது. எல்லார் மேலும் ஒரே அளவு சந்தேகம். "பூ போட்டா குனிவாங்க, கேள்வி போட்டா நிமுந்துருவாங்க" என்பாள்.

சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. குப்பத்துக்கும் கழிக்கும் நடுவில், பெண்கள் சேர்ந்து முழங்கால் சேற்றில் நின்று நட்டு வளர்த்த சுரபுன்னை மரங்கள் உண்டு. நாலு வருடத்துக்கு முன் தூர்வார வந்த இயந்திரம் அதில் பாதியை வாரிப் போட்டது. ஓடிப்போய்க் கேட்டபோது மேஸ்திரி ஒரு தாளைக் காட்டினார். ‘புதர் அகற்றும் பணி’ என்று இருந்தது. அந்த வருடக் கார்த்திகைப் புயலில், மரம் போன இடத்துக்கு நேரே இருந்த வீடுகளில் மட்டும் உப்புத்தண்ணீர் ஏறியது. மகள் சகாய பிரியாவின் வீடும் அதில் ஒன்று. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. "மிசின் வெட்டலங்க. அந்த ஒத்த வார்த்ததான் வெட்டுச்சி."

காலியான இடத்தில், தெரு முடிகிற இடம் வரைக்கும், மறுபடி கன்று நட்டிருக்கிறார்கள். இப்போது இடுப்பு உயரம். அரசாங்கத் தாளில் அது ‘சுரபுன்னைக் காடு’ என்று ஏற வேண்டும், அவ்வளவுதான் மனு. ஆனால் வேட்பாளர் அதை எல்லார் முன்னாலும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். கணவர் மரிய ஜோசப்புக்குக் கூச்சம் தாங்காது.

"பள்ளிக்கூடமா நடத்துற? வுடு மேரி."

"படிக்காம வாங்குறவன் படிக்காமலே தூக்கிப் போடுவான். நீங்க கம்முனு இருங்க."

போன செவ்வாய்க்கிழமை வந்த வேட்பாளர் அன்பரசு கொஞ்சம் வேறு மாதிரி. ஜீப்பை விட்டு இறங்கி ஒரு வரி விடாமல் படித்தார். பருவநிலை மாற்றம், கடல்மட்டம் என்று விவரமாகப் பேசினார். சுரபுன்னை வேர் அலையை எப்படித் தடுக்கும் என்றுகூடச் சொன்னார். "ஜெயிச்சி வந்தா மொதக் கையெழுத்து இதுக்குத்தாம்மா" என்றார். கூட்டம் கைதட்டியது. அந்தோணிமேரிக்கே மனசு இளகிவிட்டது. "தம்பி வெவரமாத்தான் பேசுது" என்று கணவர் காதில் சொன்னாள்.

அன்பரசு மனுவோடு ஜீப்பில் ஏறிக்கொண்டே ஓட்டுநர் பக்கம் திரும்பினார். "தெரு குறுகலா இருக்குப்பா. அந்தப் பொதரு மேல ஏத்தித் திருப்பிக்க."

அந்தோணிமேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அவர் கையிலிருந்த மனுவை உருவினாள். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஜீப்புக்கும் கன்றுகளுக்கும் நடுவில் போய் நின்றாள்.