அழாத பிள்ளை

அறுபதுகளின் தொடக்கம். இலங்கையில், இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருபது வயது. தலைப்பிள்ளை, பெண். நாலு மாதம் ஆனதும் அவளைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலை ஏற ஆரம்பித்தேன்.

அங்கே முப்பது பிள்ளைகளுக்கு ஒரே ஓர் ஆயா. ஒரு பிள்ளை விடாமல் அழுதால் மலைக்கு ஆள் வரும். தாய் போட்டது போட்டபடி இறங்கி வர வேண்டும். மறுபடி ஏறுவதற்குள் கொழுந்து நிறை குறைந்துவிடும், அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். என் மகளோ தொண்டை கிழியக் கத்துகிற ரகம். முதல் வாரத்திலேயே மூன்று முறை இறங்கினேன். கங்காணி என்னைக் கண்டாலே பல்லைக் கடித்தார்.

பக்கத்துக் காம்பரா அக்காதான் வழி சொன்னாள். சம்பள நாளில் பெட்டியோடு வரும் மருந்து வியாபாரியிடம் கறுப்பாக ஓர் உருண்டை கிடைக்கும். அதில் துளியை நாக்கில் தடவினால் பிள்ளை மத்தியானம் வரை தூங்கும். அது அபின். தெரியாமல் கொடுத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன்.

“இதுதான் புள்ள! இருக்கிற எடமே தெரியல” என்று ஆயா ஊரெல்லாம் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. நிறுக்கும் இடத்தில் என் கொழுந்துதான் கூடுதல். பிள்ளை மெலிந்தாள், பால் குடிக்கும்போதே கண் செருகினாள். பல் முளைக்கப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு மழைக்காலக் காலையில் வழக்கம்போல மருந்தைத் தடவிவிட்டு, பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, பிள்ளையைக் கொண்டுபோய் விடும்போது என் வீட்டுக்காரரும் ஒரு தடவை தடவிவிட்டார். எனக்கு அது தெரியாது. பத்து மணி போல நிமிர்ந்து பார்க்கிறேன், பிள்ளைக்காம்பரா வாசலைத் தாண்டாத ஆயா மலையேறி ஓடி வருகிறாள்.

“ஒன் புள்ள எந்திரிக்க மாட்டேங்குதுடீ!”

கூடையை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினேன். அங்கிருந்த மருந்துக்காரரை நாங்கள் டாக்டரய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பிள்ளையின் இமையை விலக்கிப் பார்த்தார். கண்மணி குண்டூசி முனையளவுக்குச் சுருங்கியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. என்ன கொடுத்தாய் என்று கேட்டார். “ஒன்னுமே குடுக்கலங்கய்யா” என்றேன். பிள்ளை சாகக் கிடக்கும்போதும் என் வாயில் வந்தது பொய். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அவர் திட்டவில்லை. “நீ சொன்னாத்தான்மா நான் என்னா செய்யணும்னு தெரியும்” என்றார். அழுதபடியே சொல்லிவிட்டேன். பின்னால் ஓடி வந்து நின்ற வீட்டுக்காரர், “நானும் குடுத்தேங்கய்யா” என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் இரண்டு முறை போயிருக்கிறது என்பதே தெரிந்தது.

தேயிலைப் பெட்டி ஏற்ற நின்ற லொறியில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். டாக்டரய்யாவும் ஏறிக்கொண்டார். மூச்சு தளரும்போதெல்லாம் அவர் பிள்ளையின் வாயில் மெதுவாக ஊதினார். என்னைப் பாதத்தைச் சுண்டிக்கொண்டே வரச் சொன்னார். வளைவுக்கு வளைவு நான் கெஞ்சினேன்: “அழுடி தங்கம், ஒரே ஒரு தடவ அழு.” இரண்டு மாதமாக அவள் அழுகையை அடக்கி வைத்தவளே நான்தான்.

டவுனை எட்டும் நேரம், பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் பழையபடி தொண்டை கிழிய ஓர் அழுகை! டிரைவர் சந்தோஷத்தில் ஹோர்னை அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குள் விட்டார். பிள்ளையை வாங்கிய சிங்கள நர்ஸ் மிஸ்ஸி, “அழட்டும், அழட்டும். அது நல்லம்” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். அந்த அம்மாவின் காலில் விழுந்துவிட்டேன்.

பிழைத்தாள். ஆனால் இரண்டு நாளில் லயத்துக்குத் திரும்பியதும் அவள் உடம்பு அந்தக் கறுப்பைக் கேட்டு அலறியது. கை கால் உதறல், வயிற்றோட்டம், தூக்கமே இல்லை. துளி வைத்தால் அடங்கிவிடுமே என்று சொன்ன ஒருத்தியை வாசலோடு விரட்டினேன். டாக்டரய்யா தினமும் வந்து பார்த்தார். லயத்துப் பெண்கள் முறை வைத்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். வழி சொன்ன அக்கா தன் வீட்டு உருண்டையைக் கொண்டுவந்து என் கண்முன்னே சாக்கடைக் கானில் வீசினாள். எட்டாம் நாள் மகள் தானாகத் தூங்கினாள், என் விரலைப் பிடித்துக்கொண்டு.

“மருந்த நிறுத்துனா மட்டும் பத்தாது. ஏன் குடுத்தீங்கன்னு தொரைக்கிட்ட சொல்லணும்” என்றார் டாக்டரய்யா. சொன்னோம். எப்படித் தெரியுமா? பால் கொடுக்கும் தாய்மார் பதினோரு பேர். ஒருத்தியும் மருந்து தடவாமல், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்குப் போனோம். பதினொன்றும் ஒன்றாக அழுதால் எப்படி இருக்கும்! கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டது ஒருவருக்கும் கேட்கவில்லை. என்ன சத்தம் இது என்று தொரை கத்தியதே எங்களுக்கு முதலில் கேட்கவில்லை; கிட்ட வந்து மறுபடி கத்தினார்.

“பாலுக்கு அழுவுற சத்தங்க தொரை. இத அடக்கத்தான் அபினி குடுத்தோம். இனிமே குடுக்க மாட்டோம்” என்றேன். என் குரலா அது என்று எனக்கே ஆச்சரியம். டாக்டரய்யா பக்கத்தில் நின்று இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். தொரை காதைப் பொத்தியபடியே தலையாட்டினார். அன்றைக்கே உத்தரவு வந்தது: பால் கொடுக்கிறவர்களுக்குக் கிட்ட உள்ள மலை, காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை இறங்கிப் பால் கொடுக்கலாம், பேர் முழுப்பேர்.

அடுத்த சம்பள நாளில் வியாபாரி பெட்டியைத் திறந்தார். லயமே கூடி நின்று மூடச் சொன்னது. அப்புறம் அந்த ஆள் எங்கள் பக்கம் வரவேயில்லை.

என் மகள் இன்றைக்கும் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். பஸ்ஸில் ஒரு பிள்ளை வீறிட்டு, எல்லாரும் முகம் சுளிக்க, தாய் வெட்கப்பட்டு அதன் வாயைப் பொத்தப் போனால், “அழட்டும் விடும்மா” என்று முதலில் சொல்கிறவள் நான்தான். அந்தச் சத்தத்தைக் கேட்க ஒருநாள் நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்.