சீர்த்தட்டில் வைத்த ரயில்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. உடன்பிறந்தவள் எழுதினால் நாலு நல்ல வார்த்தை இருக்கும் என்று நினைத்துத்தான் சொந்தக்காரர்கள் நீங்கள் இந்த நினைவு மலரைப் பிரித்திருப்பீர்கள். அண்ணனைப் பற்றி நல்லதைத் தவிர எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. மற்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

அண்ணன் பிறந்தது செந்துறைக்குப் பக்கத்தில், மழையை நம்பிய புஞ்சைக்காட்டு ஊரில். அப்பா தவறியபோது அண்ணன் பத்தாவதுதான் முடித்திருந்தார். அம்மாவையும் என்னையும் காப்பாற்ற வேண்டி, அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையில் ஒப்பந்த எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தார். என்னைப் பெரம்பலூரில் கட்டிக் கொடுத்தார். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "பாத்துக்கலாம் புள்ள, இப்ப என்ன அவசரம்" என்பார். அம்மாவும் போய்ச் சேர்ந்தபின் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

ஆலையில் இயந்திரம் பொருத்த வந்திருந்த வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர் ஊர் திரும்பும்போது தான் பொழுதுபோக்குக்கு வைத்திருந்த மாதிரி ரயிலை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு பழைய இன்ஜின்கள், சில பெட்டிகள், ஒரு மூட்டை தண்டவாளம். கரண்ட் கொடுத்தால் ஓடும், அவ்வளவுதான். சத்தம் கிடையாது. சத்தத்தை அண்ணன் வாயால் கொடுப்பார். என் மகன் பேச்சு வருவதற்கு முன்பே அந்தக் கூவலுக்குச் சிரித்தான்.

"என் மடியில உக்காந்து காது குத்திக்கிறப்ப முன்னாடி இந்த ரயிலு ஓடணும். அழவே மாட்டான் பாரு" என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பார். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதருக்குச் சபையில் கிடைக்கவிருந்த ஒரே இடம் அந்தத் தாய்மாமன் இடம்தான். அதைத்தான் அவர் ஆசைப்பட்டார்.

அதற்குள் என் மச்சாண்டார், அதாவது என் கணவரின் அண்ணன், வந்து புகுந்தார். சென்னையில் எங்கோ டிஜிட்டல் பொம்மை ரயிலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"வாயால கூவுறதெல்லாம் சபையில நல்லாவா இருக்கும் மச்சான்? இப்ப சிப்பு வச்சுட்டாங்க. இன்ஜினே நிஜ ரயிலாட்டம் சத்தம் போடுது."

"நான் ஊதுனாத்தாங்க புள்ள சிரிக்கிறான்."

"அட, கடுக்கன எவன் வேணா போடுவான். சத்தம் போடுற ரயில சீரா வச்சுப் பாருங்க, ஊரே பேசும்."

தாய்மாமன் சீரில் கடுக்கன் இல்லாமல் எங்கள் பக்கத்தில் காது குத்துவதில்லை. அண்ணனுக்கும் அது தெரியும். ஆனால் மாப்பிள்ளை வீட்டு மூத்தவர் வாய்விட்டுச் சொன்னால் அது உத்தரவு என்று எடுத்துக்கொண்டார். பெண்ணைக் கொடுத்த வீட்டார் எல்லோரும் செய்கிற தவறுதான் இது.

பழைய ரயிலை டிஜிட்டலாக மாற்றுவது லேசுப்பட்ட செலவில்லை. ஓடுவதற்கு ஒரு சிப், சத்தத்துக்கு ஒரு சிப், ஸ்பீக்கர். பழைய கன்ட்ரோல் பெட்டி உதவாது, அதுவும் புதிதாக வேண்டும். பழைய மோட்டார் கரண்ட் இழுத்த இழுப்பில் முதல் சிப் முதல் ஓட்டத்திலேயே கருகிவிட்டது. ஆகவே மோட்டாரையும் மாற்றினார். ஸ்பீக்கர் வைக்க இடமில்லாமல் உள்ளே இருந்த ஈயக்கட்டியை அறுத்தெடுத்தார். எடை குறைந்ததும் சக்கரம் வழுக்கியது. "இதுக்குப் புதுசே வாங்கிடலாமே சார்" என்று விற்கிற கடைக்காரரே போனில் சொன்னாராம். மொபெட்டை விற்றுவிட்டு வேலைக்குப் பஸ்ஸில் போனார். கடைசியில் கடுக்கனுக்காகச் சேர்த்ததும் கரைந்தது. அப்படியும் ஓர் இன்ஜினைத்தான் மாற்ற முடிந்தது. யாராவது ஒரு பைசா கொடுத்தீர்களா?

சிறுவாச்சூர் காளி கோயிலில் காதுகுத்து. வெற்றிலை, பழம், பட்டுத்துணிக்கு நடுவே இன்ஜினைத் தட்டில் வைத்து, அதற்குச் சந்தனப் பொட்டும் இட்டு அண்ணன் சபையில் கொண்டு வந்து வைத்தார்.

"கடுக்கன் எங்கப்பா? காது குத்த வந்தியா, பொம்ம விக்க வந்தியா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மச்சாண்டாரைப் பார்த்தார்.

"நான் வெளையாட்டுக்குச் சொன்னேன் மச்சான். அத நெசம்னு நெனச்சுட்டீங்களா?"

என் பெரியப்பா மகன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றித் தட்டில் போட்டான். குழந்தையைத் தூக்கி அவன் மடியில் வைத்தார்கள். நான் வேண்டாம் என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நிலையிலும் அண்ணன் தண்டவாளத்தைப் பூட்டி ரயிலை ஓட்டினார். இன்ஜின் தானே கூவியது. பிள்ளை மிரண்டு வீறிட்டான். அண்ணன் வாயைப் பார்த்து அழுதான். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. பந்திக்கும் உட்காராமல் பஸ் ஏறிவிட்டார்.

அதன்பின் அவர் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நான் போனால் சோறு ஆக்கிப் போடுவார், பையனைப் பற்றி விசாரிப்பார், ரயில் பேச்சை மட்டும் எடுக்க மாட்டார். போன வருடம் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பு. நான் அரியலூர் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும், இரவெல்லாம் என்னுடன் இருந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் என் நன்றி. காரியத்தன்று ஆளுயர மாலையோடு வந்து, "தங்கமான மனுசன்" என்று எல்லோர் முன்னாலும் அழுத மச்சாண்டாருக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதை என் கணவர் படித்துவிட்டு, ஒரு வரியும் அடிக்காமல் அச்சுக்குக் கொடுத்தார்.

மகனுக்குப் பின் பிறந்த என் மகளுக்கு இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் முறைக்கு ஆள் பார்த்துவிட்டதாக மச்சாண்டார் சொல்லி அனுப்பியிருக்கிறார். வேண்டாம். என் மகளை என் மடியில் உட்கார வைத்துக் குத்திக்கொள்வேன். அதற்கு உங்களில் ஒருவருக்கும் அழைப்பு வராது.